நூற்றுக்கு முப்பத்தெட்டு

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு ரெனாந்தே வலது கையால் கருவாட்டைச் சோற்றோடு பிசைந்தபடி, இடது கையால் லேப்டாப்பில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். உலகத்தின் மறுபக்கத்தில் அப்போது ஞாயிறு. பெரிய போக்கர் போட்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். எங்கள் இலோயிலோ நகரில் அது சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடும் நேரம்.

மூவாயிரம் பேர் தொடங்கிய போட்டியில் எழுபத்து மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். ரெனாந்தேயின் கையில் இரண்டு ராஜாக்கள். எதிராளியின் கையில் ஒரு ஏஸும் ஒன்பதும். ரெனாந்தே பந்தயச் சிப்புகள் அத்தனையையும் உள்ளே தள்ளினான். மேசையில் கடைசியாக விழுந்த சீட்டு ஏஸ்; எதிராளிக்கு ஏஸ் ஜோடி சேர்ந்துவிட்டது.

"போச்சா?" என்றாள் அர்லின். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் மென்றுகொண்டிருந்தது நின்றுபோனதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"போச்சு. எழுபத்து மூணாவது."

"அது நல்லதா கெட்டதா?"

"நானூத்திப் பத்து பெசோ வரும்."

"அப்ப லாபம்."

"இந்த ஆட்டத்துல லாபம். ஆனா இன்னைக்கு அஞ்சு போட்டிக்குப் பணம் கட்டியிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் நூத்தியிருபது."

"அப்ப நஷ்டம்."

"இன்னைக்கு நஷ்டம். ஆனா மாசக் கணக்கா பாத்தா..." அவன் இழுத்தான். "பாக்கணும் அர்லின். இதுல ஏத்த இறக்கம் ஜாஸ்தி. கொஞ்ச ஆட்டத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"மூணு வருஷமா இதையேதான் சொல்ற. மீன் விக்கிற பொம்பள சாயங்காலம் கூடையக் கவுத்ததும் லாபமா நஷ்டமான்னு சொல்லிடுறா. நீ இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல கணக்குப் பாக்கிறவன். உன்னால சொல்ல முடியல."

அவன் எழுந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, அன்றைய ஐந்து ஆட்டங்களையும் எக்செல் தாளில் ஏற்றினான். அதைச் செய்யாமல் அவன் வீட்டை விட்டுக் கிளம்பியதே இல்லை.

ரெனாந்தே தாக்சாகொனுக்கு நாற்பத்தொரு வயது. மந்துரியாவோவில் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஆபீசில் வேலை. எதையும் பட்டியல் போட்டால்தான் அவனுக்கு நிம்மதி. ஆன்லைன் போக்கர் ஆட ஆரம்பித்த முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு போட்டிக்கும் கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எந்தத் தளம், எத்தனையாவது இடம் என்று எழுதிவந்தான். மூன்று தளங்களில் ஆடினான். அவற்றின் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. ஆடுகிறவர்களே மேசை விரிப்பின் நிறத்தை வைத்துப் பச்சை, நீலம், கறுப்பு என்றுதான் சொல்வார்கள்.

நீலத்தில் ஒரு போட்டிக்கு இருநூறு பேர்கூடச் சேர மாட்டார்கள். சின்னச் சின்னப் பரிசு அடிக்கடி வரும். கறுப்பில் தேர்ந்த ஆட்கள் அதிகம். பச்சையில் மூவாயிரம் பேர், அதில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவர்கள், முதல் பரிசோ மலை மாதிரி. இந்த மூன்றையும் ஒப்பிட்டு முகநூலில் "கையும் கணக்கும்" என்ற பக்கத்தில் அவன் தன் பெயரிலேயே ஒரு பட்டியல் போட்டிருந்தான். நூறு பெசோ கட்டினால் சராசரியாக எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்ற பட்டியல். கறுப்பில் நான்கு நஷ்டம். நீலத்தில் ஆறு லாபம். பச்சையில் முப்பத்தெட்டு லாபம்.

அந்த முப்பத்தெட்டைப் பார்த்துத்தான் ஒன்பதாயிரம் பேர் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். பட்டியலுக்குக் கீழே ஒரு குறியீட்டு எண் இருந்தது. அதைப் போட்டுப் பச்சைத் தளத்தில் சேருகிறவர்கள் ஒவ்வொரு போட்டிக்கும் கட்டும் நூற்றியிருபது பெசோவில் தளம் எடுத்துக்கொள்ளும் பன்னிரண்டு பெசோ கட்டணத்தில் ஒரு பங்கு ரெனாந்தேக்கு வரும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி அது தவறாமல் வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி வாங்கியது அந்தப் பணத்தில்தான். எக்செல் தாளின் கடைசியில் "மற்றவை" என்ற வரிசையில் அதை எழுதிவைத்திருந்தான்.

பட்டியலில் பொய் எதுவும் இல்லை. அவன் பொய் எழுதுகிற ஆளும் இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை, லா பாஸ் சந்தைக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போனான். கல்லாவில் இருந்த பெண் மருந்துச் சீட்டை வாங்கிப் பெயரைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மனோங், நீங்கதானா அந்தக் 'கையும் கணக்கும்'?" என்று அண்ணனைக் கூப்பிடும் முறையில் கேட்டாள்.

பின்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரெனாந்தேக்கு உடம்பில் ஒரு சூடு பரவியது. ஆபீசில் பதினான்கு வருடமாக அவனை யாரும் அப்படி அடையாளம் கண்டு கேட்டதில்லை.

"நான்தான். நீங்களும் ஆடுவீங்களா?"

"உங்க பட்டியலைப் பாத்துத்தான் நீலத்துல இருந்து பச்சைக்கு மாறினேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு சந்தேகம் கேக்கணும். இங்க வேணாம். மேனேஜர் இருக்காரு."

"சனிக்கிழமை வீட்டுக்கு வாயேன் இந்தாய்," என்றான் தங்கையை அழைக்கும் முறையில். " ஹாரோவுல, கோயிலுக்குப் பின்னாடி தெரு. சாவகாசமா உக்காந்து பேசலாம்."

அவள் பெயர் கிளோரிபெல். முப்பத்து மூன்று வயது. அன்று மாலை ரெனாந்தே அர்லினிடம் அந்தச் சந்திப்பை மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொன்னபோது கடையில் திரும்பிப் பார்த்தவர்கள் ஐந்து பேர் ஆகியிருந்தார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளோரிபெல் வந்தாள். பக்கத்து ஊரான ஓத்தோனிலிருந்து இரண்டு ஜீப்னி வண்டி மாறி வந்திருந்தாள். கையில் ஒரு பை குயிமாராஸ் தீவு மாம்பழம், இன்னொரு கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற கோடு போட்ட நோட்டு. அர்லின் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிள்ளைகளின் படம் வரையும் தாள்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

ரெனாந்தே நோட்டை வாங்கிப் புரட்டினான். அசந்துபோனான். அவனுடைய எக்செல் தாளைப் போலவே தேதி, போட்டி, கட்டியது, வந்தது, எத்தனையாவது இடம். நீல மையில் ஒரு திருத்தம்கூட இல்லாத கையெழுத்து.

"நீலத்துல ரெண்டு வருஷம் ஆடினேன் மனோங். மொத்தத்துல மூவாயிரத்து நூறு பெசோ லாபம். பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா லாபம். அப்புறம் உங்க பட்டியல் கண்ணுல பட்டுச்சு. நீலத்துல ஆறு, பச்சையில முப்பத்தெட்டு. ஆறு வேணுமா முப்பத்தெட்டு வேணுமான்னு கேட்டா யாரு ஆறுன்னு சொல்லுவா?"

"சரிதான்."

"அஞ்சு மாசமா பச்சை. ஒரு நாளைக்கு ஆறு ஆட்டம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி நாலு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு. தொள்ளாயிரம் ஆட்டம் ஆயிடுச்சு." அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "கட்டினது ஒரு லட்சத்து எட்டாயிரம். வந்தது அறுபத்தோராயிரத்து இருநூறு."

ரெனாந்தே மனசுக்குள் கழித்துப் பார்த்தான். நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு. அவள் கடையில் நான்கு மாதம் கல்லாவில் உட்கார்ந்தாலும் அவ்வளவு கிடைக்காது.

"நான் தப்பு சொல்ல வரல," என்றாள் அவள் அவசரமாக. எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்தாலும் கொஞ்சுவதுபோல் இருக்கும். அவளோ கோபிக்கவும் இல்லை. "எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியணும். அந்த முப்பத்தெட்டு எப்ப வரும்?"

ரெனாந்தே காப்பிக் கோப்பையை எடுத்தான். குடிக்காமல் கீழே வைத்தான்.

"எப்பன்னா?"

"என் வீட்டுக்காரர் எட்மார் கப்பல்ல வேலை பாக்குறாரு. ஒப்பந்தம் முடிஞ்சு வந்து இருக்காரு. மறுபடி ஏறணும்னா மணிலா போய்ப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் எல்லாம் புதுப்பிக்கணும். பயிற்சிக்கு, மருத்துவப் பரிசோதனைக்கு, தங்குறதுக்கு எல்லாம் சேத்து நாப்பத்தஞ்சாயிரம். அந்தப் பணம் என் கணக்குல இருக்குன்னு அவரு நினைச்சுக்கிட்டிருக்காரு. இன்னும் எட்டு நாள் இருக்கு. கையில ஒன்பதாயிரம் இருக்கு. உங்க பட்டியல்படி எனக்கு வர வேண்டியது இன்னும் வரவே இல்ல. அப்ப இனிமேதானே மொத்தமா வரணும்? ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் ஆடினா எட்டு நாளுக்குள்ள வரும்னு நீங்க கணக்குப் போட்டுச் சொல்லிட்டா போதும்."

ஜன்னல் ஓரத்தில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

ரெனாந்தே லேப்டாப்பைத் திறந்தான். அவனுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எப்போதும் குழம்பினால் அவன் தாளைத்தான் திறப்பான். தன்னுடைய பச்சைத் தள ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். கட்டியது இருபத்தைந்தாயிரத்து நானூற்று நாற்பது. வந்தது முப்பத்தைந்தாயிரத்து நூறு. நூற்றுக்கு முப்பத்தெட்டு லாபம். சரியாகத்தான் இருந்தது.

"இந்த ஒரு வரி மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?" கிளோரிபெல் திரையில் விரலை வைத்தாள். மருந்துக் கடைக் கல்லாவில் எத்தனையோ வருடம் எண்களைப் பார்த்துப் பழகிய விரல்.

"அது ஒரு தடவை நாலாவது இடம் வந்தேன். இருபத்தோராயிரம்."

"அது இல்லாம?"

அவன் அந்த வரியை மறைத்தான். தாளின் அடியில் இருந்த எண் சிவப்பாக மாறியது. நூற்றுக்கு நாற்பத்து நான்கு நஷ்டம்.

கிளோரிபெல் திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"அப்ப உங்களுக்கு முப்பத்தெட்டு லாபமா, நாப்பத்து நாலு நஷ்டமா?"

"ரெண்டும்தான்... இல்ல, ரெண்டும் இல்ல." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இரு. இன்னொரு விதமாப் பாக்கலாம்."

கம்ப்யூட்டரில் அவன் ஆயிரம் கற்பனை ஆட்களை உண்டாக்கினான். எல்லோரும் ஒரே மாதிரி சுமாராக ஆடுகிறவர்கள், போகப் போகப் பணத்தை இழக்கப்போகிறவர்கள். அவர்களை ஆளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஆட விட்டான். ஐந்து நிமிடத்தில் விடை வந்தது. அந்த ஆயிரம் பேரில் நூற்று அறுபது பேர் முப்பத்தெட்டுக்கு மேல் லாபம் காட்டினார்கள். தோற்கப் பிறந்த நூற்று அறுபது பேர், கையில் அவனுடையதைவிட அழகான பட்டியலோடு நின்றார்கள்.

அவனும் அந்த நூற்று அறுபதில் ஒருவனா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதை அவன் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. செய்யத் தெரியாமல் இல்லை. ஆபீசில் இதைவிடக் கடினமான கணக்கெல்லாம் போடுகிறவன்.

"நான் மோசமா ஆடுறேனா மனோங்? அதையாவது சொல்லுங்க. நான் முட்டாள்னா முட்டாள்னு தெரிஞ்சுக்கிறேன்."

அவள் எண்களையும் போட்டுப் பார்த்தான். நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கும் தொள்ளாயிரம் ஆட்டத்தில் அப்படி ஒரு பள்ளம் விழலாம். ஆடத் தெரியாதவனுக்கும் விழலாம்.

"சொல்ல முடியல இந்தாய். உனக்கு ஆடத் தெரியும், நேரம் சரியில்லன்னும் இருக்கலாம். ஆடத் தெரியலன்னும் இருக்கலாம். ரெண்டுக்கும் இதே நாப்பத்தாறாயிரம் வரும்."

"எத்தனை ஆட்டம் ஆடினா தெரியும்?"

"பச்சை மாதிரி இடத்துல..." அவன் தட்டினான். வந்த எண்ணை நம்பாமல் மறுபடி தட்டினான். "ஏறக்குறைய அறுபதாயிரம்."

"நாளுக்கு ஆறுன்னா?"

"இருபத்தேழு வருஷம்."

கிளோரிபெல் சிரித்துவிட்டாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டாள். கண் கலங்கியது சிரிப்பினாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அப்ப ஒன்பதாயிரத்தை வச்சு எட்டு நாள்ல..."

"வேண்டாம். தொடாதே. இனிமே வர வேண்டியதுன்னு ஒண்ணு கிடையாது. சீட்டுக்கு நேத்து நடந்தது ஞாபகம் இருக்காது."

"ஆனா பட்டியல்ல நீங்க..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. அவளுக்கு யாரை நம்புவது என்று புரியவில்லை. பட்டியல் போட்ட ரெனாந்தேயையா, எதிரே உட்கார்ந்து வேண்டாம் என்கிற ரெனாந்தேயையா?

அப்போதுதான் அர்லின் எழுந்து வந்தாள். கத்தரிக்கோல் இன்னும் கையில் இருந்தது.

"நாந்தே, அந்த அஞ்சாம் தேதிப் பணம் இதுல எந்த வரிசையில வருது?"

"அது வேற அர்லின். அது இப்ப எதுக்கு?"

"காட்டு."

அவன் தாளின் வலது கோடிக்கு நகர்த்தினான். "மற்றவை." மூன்று வருடத்துக்கும் சேர்த்து எண்பத்து நான்காயிரம். மாதா மாதம் வந்த தொகை. கூடிக்கொண்டே வந்தது, ஒரு மாதம்கூடக் குறையவில்லை. போக்கரில் அவன் ஜெயித்ததையும் தோற்றதையும் மூன்று தளங்களுக்கும் சேர்த்துக் கூட்டினால் இரண்டாயிரத்துச் சொச்சம் நஷ்டம். வீட்டில் எல்லோரும், அவன் உட்பட, அவனை ஜெயிக்கிறவன் என்று நினைத்திருந்தார்கள்.

"இது என்ன பணம்?" என்றாள் கிளோரிபெல்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அர்லினின் முகத்தைப் பார்த்தான். சொன்னான். "நீ பச்சையில சேரும்போது ஒரு எண் போட்டிருப்ப. என் எண். நீ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டுற கட்டணத்துல எனக்கு மூணு பெசோ அறுபது காசு வரும். நீ ஜெயிச்சாலும் வரும், தோத்தாலும் வரும்."

அவள் மனக்கணக்காகவே சொன்னாள்: "தொள்ளாயிரம் ஆட்டத்துக்கு மூவாயிரத்து இருநூத்தி நாப்பது."

"ஆமா."

"இதுல ஏத்த இறக்கம் கிடையாதா?"

"கிடையாது."

அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். அவசரப்படவில்லை. காப்பியை முழுவதும் குடித்து முடித்தாள். "வர்றேன் மனாங்" என்று அக்கா முறையில் அர்லினிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மாம்பழப் பை மேசைமேலேயே இருந்தது.

அன்று மாலையே அவள் எட்மாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எட்மார் கத்தவில்லை. நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தான். ஒவ்வொரு வரிக்கும் அது எந்த நாள், அன்று எந்தக் கடலில் இருந்தோம் என்று யோசித்திருப்பான். பிறகு எழுந்து வெளியே போனான். எட்டு நாளும் கடன் கேட்டு அலைந்தான். பதினெட்டாயிரம்தான் கிடைத்தது. குறிப்பிட்ட தேதியில் அவன் இடத்தில் வேறொருவன் கப்பல் ஏறினான். அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து வரலாம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். வரும் என்று சொல்லவில்லை.

ரெனாந்தே அடுத்த திங்கட்கிழமை ஆடவில்லை. ஆடாமல் அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதே அவனுக்குக் குழப்பமாக இருந்தது. ஆபீசுக்குப் போகும் வழியில் ஜீப்னியில் இறங்கும் இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினான். தான் கெட்டவனா? அப்படித் தோன்றவில்லை. நல்லவனா? அதுவும் தோன்றவில்லை. பட்டியலில் ஒரு எண்ணாவது பொய்யாக இருந்திருந்தால் அதைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவனைத் தூங்க விடவில்லை.

புதன்கிழமை ஆபீசில் மதிய இடைவேளையில் பட்டியலுக்கு ஒரு விளக்கம் எழுதினான். நாலாவது இடத்தைக் கழித்தால் என்ன ஆகும், ஆயிரம் கற்பனை ஆட்கள், அறுபதாயிரம் ஆட்டம், தனக்கு வரும் பங்கு, எல்லாவற்றையும் எழுதினான். நான்கு பக்கம் வந்தது. கடைசிப் பத்தியில், "ஆகவே எந்தத் தளம் லாபம் என்று எனக்குத் தெரியாது. நான் ஜெயிக்கிறவனா தோற்கிறவனா என்பதும் தெரியாது" என்று எழுதி முடித்தான். குறியீட்டு எண்ணை எடுத்துவிட்டான்.

பச்சைத் தளத்தின் ஆள் ஒருவன், இதுவரை "மனோங்" என்று குழைந்தவன், "திரு. தாக்சாகொன்" என்று தொடங்கி ஒற்றை வரியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டான். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மற்றது. நூற்று எழுபது பேர் கருத்து எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் வாழ்த்தியிருந்தார்கள். "பிரமாதமான ஆராய்ச்சி!" மீதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "அப்ப எந்தத் தளத்துல ஆடலாம் மனோங்? நீலமா?"

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் ரெனாந்தே ஓத்தோனுக்குப் போனான். அர்லின் கூட வருகிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்றான். பிறகு பேருந்து நிலையத்திலிருந்து போன் செய்து, "வந்திருக்கலாம்" என்றான்.

வீட்டு வாசலில் எட்மார் சட்டையில்லாமல் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். குயிமாராஸ் போகும் படகில் கயிறு கட்டும் வேலைக்கு அப்போது சேர்ந்திருந்தான். கப்பல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

"நீங்கதான் அவரா," என்றான் எட்மார். நிமிரவில்லை. "உள்ள இருக்கா. நான் உங்களை அடிக்கல. ஏன் அடிக்கலன்னு எனக்கே தெரியல. சீக்கிரம் பேசிட்டுப் போயிடுங்க."

கிளோரிபெல் சமையலறையிலிருந்து வந்தாள். ரெனாந்தே ஒரு உறையை நீட்டினான்.

"மூவாயிரத்து இருநூத்தி நாப்பது. இதால ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்."

அவள் வாங்கிக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்ற நிலைமையில நான் இல்ல மனோங்." எண்ணிப் பார்த்து எட்மாரின் பக்கத்தில் வைத்தாள். அவன் அதன்மேல் ஒரு ஸ்பானரைத் தூக்கி வைத்தான், காற்றில் பறக்காமல்.

"இப்பவும் ஆடுறியா?" ரெனாந்தே மெதுவாகக் கேட்டான்.

"இல்ல. ஆனா மத்தியானம் சாப்பிட உக்காந்தா கை போனைத் தேடுது. எல்லாத்துக்கும் உங்க மேல பழி போட எனக்கும் ஆசைதான். ஆனா ஆடினது நான். என் கையைப் பிடிச்சு யாரும் அழுத்தல." அவள் எட்மாரைப் பார்த்தாள். அவன் மோட்டாரைப் பார்த்தான். "இவரு என்கூடப் பேசி மூணு வாரம் ஆச்சு. சோறு போடுன்னு மட்டும் சொல்லுவாரு."

"சோறு போடுன்னு சொன்னேனே, அது பேச்சு இல்லையா," என்றான் எட்மார் மோட்டாரிடம்.

கிளோரிபெலின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

ரெனாந்தே தயங்கி நின்றான். "முகநூல் பக்கத்துல புதுசா எழுதியிருந்தேன். பாத்தியா?"

"பாத்தேன். நாலு பக்கமும் படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவள் உடுப்பின் ஓரத்தில் ஈரக் கையைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா மேல அதே பட்டியல், அதே முப்பத்தெட்டு அப்படியே இருக்கு. 'தெரியாது'ங்கிறது நாலாவது பக்கத்துல கடைசியில இருக்கு. என்னை மாதிரி ஆளுங்க ஜீப்னியில தொங்கிக்கிட்டே படிக்கிறவங்க மனோங். முப்பத்தெட்டைப் பாத்ததும் மூடிடுவோம். அதுக்கு மேல படிக்கப் பொறுமை இருந்திருந்தா, நான் இப்படி ஆகியிருப்பேனா?"

ரெனாந்தே நிழலிலிருந்து வாசல் வெயிலுக்கு நகர்ந்தான்.

"நீங்க பொய் சொல்லல. அதான் எனக்கு இவ்வளவு நாள் குழப்பமா இருந்துச்சு. பொய் சொல்லாத ஆள் எப்படி என்னை ஏமாத்த முடியும்னு. இப்பத்தான் புரியுது. தனக்குத் தெரியாதுங்கிறதை மறைச்சுட்டு ஒருத்தர் சொல்ற உண்மை, பொய்யைவிட மோசம். பொய்யின்னா சந்தேகமாவது வந்திருக்கும். அடுத்தவங்க பணத்தைப் போடுற இடத்தைப் பத்தி எழுதுறவங்க, 'எனக்குத் தெரியாது'ங்கிறதைத்தான் முதல்ல எழுதணும். பெரிய எழுத்துல. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ."

எட்மார் இப்போதுதான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

ரெனாந்தே அங்கேயே, வாசல் வெயிலில் நின்றபடி, போனை எடுத்தான். பட்டியலை அடியோடு நீக்கினான். கடைசிப் பத்தியை வெட்டி மேலே கொண்டுவந்து ஒட்டினான். இரண்டு தடவை தப்பாக ஒட்டியதும் அதை அழித்துவிட்டுப் புதிதாகவே எழுதினான்.

"படிங்க," என்றாள் கிளோரிபெல். "எப்படி இருக்குன்னு சத்தமாப் படிங்க."

அவன் படித்தான்: "எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஆடியும் தெரியவில்லை. தெரியும் என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்."